உருகினால் கட்டலாம் என்று யார் சொன்னது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் வடக்கைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வசனம் இன்னும் என் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. பூமி சூடாவதில் வடக்கே இருப்பவர்களுக்கு லாபம்தான், உறைந்த நிலம் இளகி கடலும் திறந்துவிட்டால் அங்கே வீடு கட்டுவது சுலபமாகிவிடும் என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வீட்டுக்கு நாலு பலகை தேவைப்பட்டால் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வருகிறவர் போலிருக்கிறது. போய் வரட்டும், நானும் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் கனடாவின் வடக்குப் பிரதேசமான நுனாவுட்டின் தலைநகர் இக்கலுயிட்டில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் பல காலம் பொருள் கொள்முதல் செய்தவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

உறைந்திருப்பதால்தான் ஐயா அந்த நிலம் நிலமாக இருக்கிறது. மேலே ஒன்றிரண்டு மீட்டர் கோடையில் இளகி, குளிர்காலத்தில் மறுபடி இறுகும். அதற்குக் கீழே மண்ணும் பனிக்கட்டியும் கலந்து கல்லாய்க் கிடக்கிறது. துளை போட்டு, இரும்புத் தூணை இறக்கி, சுற்றிலும் மணற்குழம்பை ஊற்றி உறைய விடுவார்கள். பல கட்டடங்களில் அந்த உறைந்த பிடிதான் வீட்டின் பாரத்தைத் தாங்குகிறது. பிடி தளர்ந்தால் ஒரு மூலை இறங்கும், கதவு சாத்தாது, சுவர் வெடிக்கும், குழாய் உடையும். வீட்டுக்கு அடியில் ஆள் குனிந்து போகிற அளவு இடைவெளி விடுவதும் அழகுக்காக அல்ல, குளிர்காற்று உள்ளே போய் நிலத்தைக் குளிராக வைத்திருக்கத்தான். அந்த இடைவெளியில் பனி அடைந்தாலோ, யாராவது சாமான்களை அடுக்கினாலோ போதும். போர்வை போர்த்தியதுபோல ஆகி, நிலம் கோடையில் வாங்கிய வெப்பத்தை விடாது.

சாலையும் போடலாம் என்கிறாரே, அது இன்னும் வேடிக்கை. வடமேற்குப் பிரதேசத்தில் இனுவிக்கிலிருந்து கடலோரத்து டக்டோயக்டக் வரை 2017 நவம்பரில் திறந்த சாலையைப் பற்றித் தங்களுக்குத் தெரியாததல்ல. கிட்டத்தட்ட 138 கிலோமீட்டர். மண்ணை வெட்டினால் அடியிலுள்ள பனிக்கட்டி உருகிவிடும் என்று பயந்து, வெட்டாமல், தரைமேல் துணி விரித்து அதன்மேல் சரளைக்கல்லைக் கொட்டிக் கட்டிய சாலை அது. முக்கியமான வேலையெல்லாம் குளிர்காலத்தில்தான் நடந்தது, ஏனென்றால் நிலம் இறுகியிருந்தால்தான் லாரி ஓடும். உருகினால் சாலை போடலாமாம்!

சரி, பொருளுக்கு வருவோம். நுனாவுட்டில் 25 ஊர்கள் உண்டு. வெளியிலிருந்து ஒன்றுக்கும் சாலை இல்லை, ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்கும் இல்லை. பலகை அறுக்க மரமும் இல்லை. ஆணி, ஜன்னல், ஜிப்சம் பலகை, கழிவறைக் கோப்பை எல்லாம் கோடையில் வருகிற கப்பலில் வரவேண்டும். எங்களுக்கு மொன்றியல் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து வரும். வசந்தத்திலேயே ஓடர் கொடுத்து, கடற்பயணத்துக்கேற்ற மரப்பெட்டியில் அடைத்து, குறித்த நாளுக்குள் துறைமுகத்தில் சேர்க்கவேண்டும். ஜூலை முதல் ஒக்டோபர் வரைதான் கப்பல். 2023இல் இக்கலுயிட்டில் ஆழ்கடல் துறைமுகம் திறக்கும்வரை, தலைநகரிலேயே சாமானைத் தோணிக்கு மாற்றி, பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிற கடல் எப்போது விடுகிறதோ அப்போது கரையில் இறக்கினார்கள். சாமான் வந்த பெட்டியின் பலகையைக்கூட ஒருவரும் எறிவதில்லை, அதில் ஒரு கொட்டகை எழும்பிவிடும்.

ஒருமுறை தெற்கே ஒரு விற்பனையாளர் தூணின் தலையில் பொருத்துகிற இரும்புத் தட்டுகளை வேறு அளவில் வெட்டி அனுப்பிவிட்டார். நீண்ட இரும்பு உத்தரங்களிலும் இரண்டைக் காணவில்லை. பெட்டியைத் திறந்தபோது கடைசிக் கப்பல் போய்விட்டிருந்தது. தட்டை விமானத்தில் எடுக்கலாம், காசு போனால் போகட்டும். அந்த நீள உத்தரம் விமானத்தின் கதவுக்குள் நுழையாதே! தூண்கள் மட்டும் குளிர்காலம் முழுவதும் மொட்டையாக நின்றன. அந்த வீட்டுக்குப் பெயர் எழுதி வைத்திருந்த குடும்பம், தாத்தா பாட்டி பேரன் பேத்தியென்று இரண்டு அறைக்குள் இன்னொரு வருடம் முறைவைத்துத் தூங்கியது. அந்த விற்பனையாளர் அனுப்பிய வருத்தக் கடிதத்தில் எழுத்துப்பிழைகூட இல்லை.

கடல் திறக்கிறது என்று எழுதியவருக்கு 2018 ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடம் பனிக்கட்டி வழியை மறித்து, பவுலாடக், குக்லுக்டக், கேம்பிரிட்ஜ் பே ஆகிய வடகடலோர ஊர்களுக்குச் சாமான் தோணி போகவில்லை. 2024இல் மக்கென்சி ஆற்றில் நீர் வற்றி நோர்மன் வெல்ஸ், டுலிட்டா ஊர்களுக்குத் தோணி நின்றது. ஹட்சன் விரிகுடாக் கரைத் துறைமுகமான சர்ச்சிலுக்குப் போகிற ரயில்பாதையை 2017 மே மாத வெள்ளம் அறுத்தது, மறுபடி ரயில் ஓடியது அடுத்த வருடக் கடைசியில்தான். இப்படி வழி அடைபடுகிற காலத்தில்தான் இளகும் நிலத்துக்கு இன்னும் நீளமான தூண், இன்னும் கூடுதல் சரளைக்கல், உயர்த்தி இறக்கும் திருகுத் தாங்கிகள், நிலத்தின் சூட்டை உறிஞ்சி வெளியே விடுகிற கரியமிலவாயுக் குழாய்கள் எல்லாம் தேவைப்படுகின்றன. இவையும் அதே கப்பலில்தான் வரவேண்டும். 2030க்குள் 3000 வீடுகள் என்று நுனாவுட் அரசு 2022இல் அறிவித்தது. கட்டுரையாளர் கணக்குப்படி, இன்னும் கொஞ்சம் உருகினால் அவை தானாக முளைத்துவிடும் போல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடக்கைப் பற்றி எது எழுதினாலும் ஏன் ஒரு பனிவீட்டுப் படத்தைப் போடுகிறீர்கள்? நகைச்சுவைப் பக்கத்தில் பனிநாட்டவருக்குக் குளிர்சாதனப் பெட்டி விற்கப் போனவன் கதையை எத்தனை தடவை போட்டுவிட்டீர்கள்? இதைப் பற்றி முன்பு எழுதிய கடிதத்தில், இதழ் நன்றாக இருக்கிறது என்ற முதல் இரண்டு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி.

நம்மவர் கல்யாண மண்டபங்களில் கேட்கிற பேச்சும் அதேதான்: எங்கள் வரிப்பணத்தில் வடக்கிலிருக்கும் இனுயிட் மக்களுக்கு வீடு, தெற்கே வந்து இருக்கலாம்தானே? அந்த மக்கள் அந்தந்த ஊர்களில் குடியமர்ந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். 1953இல் கியூபெக்கின் வடக்கிலிருந்த இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களைக் கப்பலேற்றி இன்னும் வெகு வடக்கே ரெசலூட்டிலும் கிரீஸ் பியோர்டிலும் குடியேற்றியது கனடா அரசு. விருப்பமில்லாவிட்டால் திரும்பி வரலாம் என்ற வாக்கும் காற்றில் போனது. ரெசலூட்டில் அவர்கள் இராணுவத் தளத்தின் குப்பைமேட்டிலிருந்து பலகை பொறுக்கி வீடு கட்டினார்கள். மன்னிப்புக் கேட்க 2010 ஆயிற்று. ஊரைவிட்டு எழும்பச் சொன்னால் எப்படியிருக்கும் என்று நம் சனத்துக்கே நான் விளக்க வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வசனம் தவறு என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். மரண அறிவித்தலுக்கு அடியில் பொடி எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். பனிவீட்டுப் படத்துக்குப் பதிலாகத் தூண்மேல் நிற்கும் வீட்டின் படம் வேண்டுமென்றால் என்னிடம் நிறைய இருக்கின்றன, காசு வேண்டாம். இந்தக் கடிதத்தை வெட்டத்தான் வேண்டுமென்றால், இம்முறை முதல் இரண்டு வரியை வெட்டுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
ஸ்காபரோ