எலெக்ட்ரிக்கல் மொபைல் கடைக்காரங்க சங்கம்: 2020-21 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சிக்கும் கமிட்டிக்கும் உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கம்.

போன வருஷம் எப்படி போச்சுன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, கொரோனா ஊரடங்குக்கு மார்ச் கடைசில இறக்குன ஷட்டர மறுபடி ஏத்துறதுக்குள்ள பாதி பேருக்கு வாடகை பாக்கி ஏறிப்போச்சு. வரவு செலவ பொருளாளர் படிப்பாரு. நான் பேசப்போறது பெரும்பாலும் ஜூலை கமிட்டில சண்டையாவே போன அந்த சைனா சரக்கு தீர்மானத்த பத்தித்தான், ஏன்னா அத ஏன் நிறைவேத்தலன்னு இன்னமும் டீக்கடைல நிறுத்தி வச்சு கேக்குறாங்க.

ஜூன் 15 ராத்திரி லடாக் எல்லைல இருக்கிற கல்வான்ல சைனா ராணுவத்தோட நடந்த மோதல்ல நம்ம ஜவான்கள் 20 பேர் உயிர விட்டாங்க, அதுல ராமநாதபுரம் ஜில்லா ஹவில்தார் பழனியும் ஒருத்தர். கோவம் வரத்தான் செய்யும். ரெண்டு வாரத்துல கவர்மெண்ட் டிக்டாக்கோட சேத்து 59 ஆப்ப தடை பண்ணுச்சு, சூரத்ல டிவிய மாடில இருந்து தூக்கிப் போட்டு மிதிச்ச வீடியோ எல்லார் வாட்ஸப்புக்கும் வந்துச்சு, மத்திய மந்திரி ஒருத்தர் சைனீஸ் சாப்பாடு விக்கிற ஓட்டலயே மூடணும்னாரு (கோபி மஞ்சூரியன் என்ன பாவம் பண்ணுச்சோ). அந்த சூட்டுல நம்ம இளவட்டங்களும் ஒரு தீர்மானம் எழுதிட்டு வந்தாங்க. சைனா சரக்கு விக்கிறவங்கள சங்கத்த விட்டு நீக்கணும், கையிருப்ப பஸ் ஸ்டாண்ட் முன்னாடி கொட்டி கொளுத்தணும்.

அந்த கையிருப்பு யாரு காசு? சென்னை எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் ரிச்சி ஸ்ட்ரீட்ல ரொக்கம் எண்ணி வச்சு மூட்டை கட்டி பஸ்ல ஏத்திட்டு வந்த சரக்கு அது, சைனாக்காரனுக்கு போக வேண்டியது எப்பவோ போயாச்சு, இனிமே கொளுத்துனா எரியறது நம்மாளோட முதல் மட்டுந்தான். பெரிய ஷோரூம்காரனாவது கம்பெனிகிட்ட பேசி ரிட்டர்ன் பண்ணுவான், சார்ஜரும் டெம்பர் கிளாஸும் வித்து பொழைக்கிறவன் எங்க ரிட்டர்ன் பண்ணுவான். கல்வான் நடந்த அதே வாரம் சைனா கம்பெனி ஒன்பிளஸோட புது போன் ஆன்லைன்ல சில நிமிஷத்துல வித்து தீந்துச்சு, அத வாங்குனவங்க யாரும் கொளுத்துன மாதிரி தெரியல.

எது சைனா சரக்குன்னு பிரிக்கிறதே பெரும்பாடு. கமிட்டி மேஜை மேலயே நம்ம எலெக்ட்ரீஷியன் அண்ணன் 'மேட் இன் இந்தியா'ன்னு போட்ட 9 வாட்ஸ் எல்இடி பல்ப திருகி மூடிய கழட்டி காட்டுனாரு, உள்ள சிப்பு, டிரைவர்ல (கரண்ட மாத்திக் குடுக்குற சர்க்யூட்) இருக்கிற ஐசி எல்லாம் அங்கேருந்து வந்தது, இங்க நடந்தது பூட்டி அட்டைப்பெட்டில போட்டது மட்டும். அப்புறம் ஷவோமி போன எடுத்தா பேரு சைனா, ஆனா மாட்டுறது ஸ்ரீபெரும்புதூர்ல ஷிப்ட்டுக்கு போற நம்ம வீட்டு பொண்ணுங்க. இதுல எத கொளுத்துறது?

மூத்த உறுப்பினர் ஒருத்தர், அப்ப வ.உ.சி. பண்ணது தப்பான்னு கேட்டாரு. நல்ல கேள்விதான். அவரு வெள்ளைக்காரன் கப்பல்ல ஏறாதன்னு சொல்லிட்டு வீட்டுல உக்காரல, 1906ல கம்பெனி ஆரம்பிச்சு தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சொந்தமா கப்பல் விட்டாரு, எதிராளி டிக்கெட்ட குறைச்சு கடைசில ஓசில ஏத்தி கைல குடையும் குடுத்தான், கம்பெனி 1911ல மூடிப்போச்சு, மனுஷன் ஜெயில்ல செக்கு இழுத்தாரு. நஷ்டத்த தன் தலைல போட்டுக்கிட்டாரு, அடுத்தவன் தலைல இல்ல. தென்னாப்பிரிக்காவும் அப்படித்தான், நிறவெறிக்கு எதிரா இந்தியா 1946லயே வியாபாரத்த நிறுத்துச்சு, அப்புறம் அங்க அடிபட்ட கறுப்பு மக்களோட தலைவர் லுதுலியே எங்களுக்கு கஷ்டம் வந்தாலும் பரவால்ல, எங்க நாட்டு சாமான வாங்காதீங்கன்னு கேட்டாரு. நிறவெறி போகணும், அதுவரைக்கும் வாங்க மாட்டோம், அவ்வளவுதான் கணக்கு. நம்ம தீர்மானத்துல யாருகிட்ட என்ன கேக்குறோம், எதுவரைக்கும்னு ஒரு வரி கிடையாது, சைனால ஷென்சென் ஃபேக்டரில பன்னெண்டு மணி நேரம் சால்டரிங் வைக்கிறவன் கல்வானுக்கு ஆள் அனுப்பல, அவன் பேச்சே அதுல இல்ல.

அதனால கட்டாயம் வேணாம்னு கமிட்டி பெரும்பான்மையா முடிவு பண்ணுச்சு. விக்கவும் விடவும் அவங்கவங்க இஷ்டம், ஆனா எந்த நாட்டு சரக்குன்னு கஸ்டமர் கேட்டா உள்ளத சொல்லணும், ஸ்டிக்கர சுரண்டி விக்கிற வேலை கூடாது. ஜூன்லயே கவர்மெண்ட் அரசு ஆபீஸ்களுக்கு சாமான் வாங்குற தன்னோட ஜெம் போர்ட்டல்ல விக்கிறவங்கள எந்த நாட்டு தயாரிப்புன்னு கட்டாயம் போடச் சொல்லிருச்சு, நமக்கு மட்டும் என்ன தனி சட்டம்.

நம்ம தம்பி ஒருத்தர் மட்டும் தீபாவளிக்கு சைனா சீரியல் செட் எடுக்கவே மாட்டேன்னு லோக்கல் சரக்கா வாங்கி தொங்கவிட்டாரு, விலை கூடன்னு பாதி அப்படியே நின்னுபோச்சு, ஆனா யாரையும் குறை சொல்லல, பக்கத்து கடைக்காரன தேசத்துரோகின்னும் சொல்லல. அந்த தம்பிய நான் மதிக்கிறேன், தீர்மானம் எழுதுனவங்கள்ல ரெண்டு மூணு பேர் அதே தீபாவளிக்கு என்ன வித்தாங்கன்னு நான் இங்க சொல்லல.

இத்தனைக்கும் 2020 வருஷ கணக்குல அமெரிக்காவ முந்திக்கிட்டு சைனாதான் மறுபடி இந்தியாவோட பெரிய வியாபாரக் கூட்டாளி, சுமார் 7,770 கோடி டாலர். மிஷினரியே பெரிய அளவுல அங்கேருந்துதான் வருது, அத விட்டுட்டு நம்ம கடை இயர்போன பிடிச்சு தொங்குறோம்.

தீர்மானத்த இந்த பொதுக்குழுல திரும்ப வைக்கணும்னா தாராளமா வைக்கலாம். ஆனா சரக்க கழிக்கிற உறுப்பினருக்கு சங்க நிதில இருந்து எவ்வளவு, மீதி யாரு குடுக்குறதுன்னு அதுலயே எழுதி, முன்மொழியுறவங்க கையெழுத்தோட கொண்டுவாங்க. சந்தா பாக்கி இருக்கவங்க கட்டிட்டு வந்தாத்தான் ஓட்டு.

இப்படிக்கு,
செயலாளர்