மஸ்டாவுக்கு ஒரு திறந்த மடல்: கடைசியில் தருவதை இந்த முறை முதலிலேயே தாருங்கள்

ஹிரோஷிமாவில் மஸ்டா தலைமையகத்தில் முடிவெடுக்கும் பெரியவர்களுக்கும், ரோட்டரி எஞ்சின் குழுவில் வேலை செய்யும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் மஸ்டா என்றால் ரொம்ப காலம் வேன்தான், சுவராஜ் மஸ்டா. கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப்போக அந்த வேன்தான் வாசலில் வந்து நிற்கும். அதே பெயரில் ஜப்பானில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுற்றும் எஞ்சினோடு, அதாவது ரோட்டரி எஞ்சினோடு, ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்பது எனக்கு ஐடிஐ படிக்கும்போதுதான் தெரிந்தது. இன்றைக்கும் இந்தியாவில் உங்கள் காரை ஷோரூமுக்குப் போய் வாங்க முடியாது. இருந்தாலும் அடுத்த ரோட்டரி கார் எந்த எஞ்சினோடு வரும், எத்தனை வகையில் வரும் என்று பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பத்து வருடம் என்பது சும்மா சொல்வதில்லை. 2015 டோக்கியோ கண்காட்சியில் ஆர்எக்ஸ்-விஷன் என்ற மாதிரிக் காரைக் காட்டினீர்கள். அந்த நீளமான பானெட்டைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. 2023-இல் அடுத்த மாதிரிக் கார் ஐகானிக் எஸ்பி வந்தது, இரண்டு ரோட்டர், 370 குதிரைத்திறன், 1,450 கிலோ, நீளம் 4.2 மீட்டருக்கும் குறைவு, எடை முன்னும் பின்னும் சரிபாதி. 2025-இல் விஷன் எக்ஸ்-கூப்பே, இரண்டு ரோட்டர் டர்போவோடு மின்மோட்டாரும் சேர்ந்து 510 குதிரைத்திறன், ஆனால் வண்டி ஐந்து மீட்டரைத் தாண்டிவிட்டது. மூன்றுமே அழகு. மூன்றில் ஒன்றுகூட இன்னும் ரோட்டில் ஓடவில்லை.

நடுவில் 2024 ஜனவரியில் உங்கள் தலைவர் மசாஹிரோ மோரோ மேடையேறி, ரோட்டரி எஞ்சினுக்கென்று தனிக் குழுவை பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மறுபடி தொடங்குகிறோம் என்று அறிவித்தார். 36 பேர் கொண்ட குழு. அந்த எண்ணைக் கேட்டதும் எங்களுக்கெல்லாம் நினைவுக்கு வந்தது 47. நீங்கள் 1961-இல் ஜெர்மனியின் என்எஸ்யு கம்பெனியிடம் உரிமம் வாங்கி, கெனிச்சி யமமோட்டோ தலைமையில் உட்கார வைத்த அந்த 47 பேர். ரோட்டர் சுற்றும் அறையான ஹவுசிங்கின் உள்சுவரில், ரோட்டர் மூலைகளில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து விழுந்த வரிக் கோடுகளைச் சாத்தானின் நகக்கீறல் என்று சொல்லிக்கொண்டே வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் கார்பனில் அலுமினியம் ஏற்றிய சீலைக் கண்டுபிடித்து 1967 மே மாதம் உங்கள் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட்டை வெளியே கொண்டுவந்தவர்கள். மற்ற கம்பெனிகள் கைவிட்ட எஞ்சினை நீங்கள் விடவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம், வேறு யாரிடம் போய்க் கேட்பது?

நான் லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். ஒரு நாள் மதியம் வேலை இல்லாத நேரத்தில் மிச்சம் கிடந்த அலுமினியத் துண்டில் ரோட்டர் வடிவத்தை அறுத்து, ராவி, ஒரு தகட்டில் எட்டு போல இடுப்பு ஒடுங்கிய அந்த அறையையும் வெட்டி, உள்ளே வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன். மூன்று மூலையும் எந்நேரமும் சுவரைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எனக்கு ஒரு மூலை ஒட்டியது, இன்னொரு மூலையில் அரை மில்லி இடைவெளி. பட்டறைப் பையன் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "இதுல பிஸ்டன் எங்கண்ணா?" என்றான். பிஸ்டனே இல்லை என்றேன். "அப்ப வால்வு?" அதுவும் இல்லை. ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூன்று முறை எரிகிறது, நடுத்தண்டு அதற்குள் மூன்று சுற்றுப் போய்விடுகிறது என்று விளக்கினேன். அவன் அதைக் கையில் வாங்கி ஐந்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தான். அந்த அரை மில்லிக்குப் பிறகுதான் உங்கள் பொறியாளர்கள் மேல் இருந்த மரியாதை எனக்கு இரண்டு மடங்கானது. நீங்கள் அதே வேலையை நெருப்புக்குள், நடுத்தண்டு நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுப் போகும்போது செய்கிறீர்கள்.

அந்த ஒன்பதாயிரத்தை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். சித்தி மகன் மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறான். அவனிடம் உங்கள் பழைய ரோட்டரி கார் ஆர்எக்ஸ்-8 ஒன்று உண்டு, ஆறு கியர் மேனுவல். பெட்ரோல் பங்கில் நிறுத்தியதும் முதலில் பானெட்டைத் திறந்து, ஆயில் குச்சியை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தான். எரியும் இடத்துக்குள்ளேயே ஆயிலைச் சொட்டுச் சொட்டாகத் தெளிக்கும் எஞ்சின் இது, அதனால் இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் பார்த்தே ஆக வேண்டும் என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்குச் சலிப்பே இல்லை, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி சொன்னான். கியர் குமிழில் ரோட்டர் படம், சீட்டின் தலையணையில் ரோட்டர் வடிவ ஓட்டை. ஹைவேயில் ஏறியதும் இரண்டாவது கியரிலேயே வைத்து மிதித்தான். சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் நடுக்கம் ஏறவே இல்லை. நடுவில் இருக்கும் பெரிய ஆர்பிஎம் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பீப் சத்தம், கியரை மாற்று என்று. பிஸ்டன் எஞ்சினாக இருந்தால் அந்த வேகத்தில் தானே கத்தி எச்சரிக்கும். இது கத்தாது, அதனால் பீப் வைத்திருக்கிறார்கள் என்றான் சிரித்துக்கொண்டே.

சரி, கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் முதல் பயம் இந்த எஞ்சின் வெறும் ஜெனரேட்டராகவே நின்றுவிடுமோ என்பது. மின்மோட்டாரில் ஓடும் எம்எக்ஸ்-30 ஆர்-ஈவி காரில் 2023-இல் நீங்கள் கொண்டுவந்த 830 சிசி ஒற்றை ரோட்டர் எஞ்சினை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2 மில்லி இருந்த சீலை 2.5 மில்லி ஆக்கினீர்கள், பக்கத் தகடுகளை அலுமினியத்துக்கு மாற்றிப் பதினைந்து கிலோ குறைத்தீர்கள், பெட்ரோலை நேராக அறைக்குள்ளேயே தெளிக்க வைத்தீர்கள். ஐரோப்பாவில் புகை விதிகளால் 2010-இலும், ஜப்பானில் 2012-இலும் நின்றுபோன எஞ்சின், பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் வேலையைச் செய்துதான் உயிரோடு திரும்பி வந்தது. அந்த வேலைக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் என் கால் மிதிக்கிற மிதிக்கும் அந்த ரோட்டர் ஏறுகிற ஏற்றத்துக்கும் நேர்த் தொடர்பு இருக்க வேண்டும். ஐகானிக் எஸ்பியைக் காட்டியபோது ரோட்டர் கரண்ட் மட்டும் கொடுக்கும், சக்கரத்தை மோட்டார் சுற்றும் என்றீர்கள். அப்படி ஒரு வகை வரட்டும், நகரத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்கு அது பிடிக்கும். கூடவே இன்னொரு வகையும் வேண்டும்: ரோட்டரிலிருந்து கிளட்ச், கியர் பெட்டி, பின் சக்கரம் என்று நேராகப் போவது, மேனுவல் கியரோடு. 2003-இல் ஆர்எக்ஸ்-8 ஜப்பானில் வந்தபோதே 210 குதிரைத்திறனில் ஒன்று, 250-இல் ஒன்று என்று இரண்டு எஞ்சின் வைத்தீர்கள். இரண்டு விதமான ஆட்களும் வாங்கினார்கள்.

இரண்டாவதுதான் என் மனதில் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. நீங்கள் சிறந்த பதிப்பை வழியனுப்பும்போதுதான் தருகிறீர்கள். 2002-இல் ஆர்எக்ஸ்-8-க்கு முந்தைய ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7 முடியும்போது ஸ்பிரிட் ஆர் என்ற கடைசிப் பதிப்பு, 1,500 வண்டி, அதோடு சரி. பத்து வருடம் கழித்து ஆர்எக்ஸ்-8 முடியும்போதும் அதே பெயரில் 1,000 வண்டி, கேட்டவர்கள் அதிகமானதால் இன்னொரு 1,000. அந்த இரண்டாவது ஆயிரத்தையே ஒரு பாடமாக எடுத்திருக்கலாமே. இப்போது உங்கள் சின்னத் திறந்த கூரைக் கார் ரோட்ஸ்டரில், அது பிஸ்டன் வண்டிதான், 12ஆர் என்று 200 குதிரைத்திறன் பதிப்பு போட்டீர்கள், மொத்தம் 200 வண்டி, ஜப்பானுக்கு மட்டும். மற்ற நாட்டு ரசிகர்களுக்கு வீடியோதான். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. ஓடத்தானே அதைச் செய்தீர்கள்.

அதனால் இந்த முறை முதல் நாளிலிருந்தே நல்ல பதிப்பை விலைப்பட்டியலில் வையுங்கள். பெரிய சக்கரம், தோல் சீட்டு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துணி சீட்டு, சின்ன டயர், ஒரு சக்கரம் வீணாகச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், நல்ல பிரேக், மேனுவல் கியர், இவ்வளவு இருந்தால் எங்கள் ஆட்களுக்குப் போதும். எடையையும் விட்டுவிடாதீர்கள். கடைசி ஆர்எக்ஸ்-7 1,300 கிலோவுக்குள் நின்றது. ஐகானிக் எஸ்பியின் 1,450 என்பதே எனக்குக் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. ஐந்து மீட்டர் கூப்பேயைச் செய்வது என்றால் செய்யுங்கள், ஆனால் அந்தச் சின்ன வண்டியை அதற்காகக் கிடப்பில் போடாதீர்கள்.

செலவு அதிகம், புகை விதி கடுமை, இந்த மாதிரி வண்டி நிறைய விற்காது, இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். நீங்கள் பெரிய கம்பெனி இல்லை என்பதும் தெரியும். ஆனால் 1991-இல் பிரான்ஸில் நடக்கும் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் 787பி பந்தயக் காரை இறக்கி, 362 சுற்று ஓடி, ஜப்பான் கம்பெனி ஒன்று அங்கே முதல் முறையாக ஜெயித்ததும் அதே அளவுக் கம்பெனியாக இருந்தபோதுதான். அன்றைக்கு நிதானமாக வரவு செலவு மட்டும் பார்த்திருந்தால் அந்த 55-ஆம் எண் கார் பந்தயத்துக்கே போயிருக்காது.

எங்களுக்குத் தேதி வேண்டாம். ரோட்டர் நேராகச் சக்கரத்தைச் சுற்றுமா, மேனுவல் கியர் உண்டா, ஜப்பானுக்கு வெளியே வருமா, இந்த மூன்றுக்கும் ஆமாம் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை. சித்தி மகன் அந்த ஆர்எக்ஸ்-8-ஐ விற்பதா, எஞ்சினைப் பிரித்துப் புது சீல் போட்டு வைத்துக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் சொல்வதைப் பார்த்துத்தான் அவன் முடிவு பண்ணுவான்.

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு லேத் ஆபரேட்டர்