சாயம் வேறு, குமிழி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி: ‘ஸ்கேனுக்கு முன் ஏற்றும் கான்ட்ராஸ்ட் சாயம் எதுவானாலும் கிட்னிக்கு ஆபத்துதான்.’ தடித்த எழுத்தில் கட்டம் கட்டி வேறு போட்டிருந்தீர்கள். என் மனைவி அந்தக் கட்டத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள்.

அவளுக்குக் கிரியேட்டினின் 2.3, அதாவது கிட்னி பலவீனம். ஈரலில் ஒரு கட்டி இருப்பது சாதாரண ஸ்கேனில் தெரிந்தது. சி.டி. எடுக்கலாமென்றால் அயோடின் மருந்து ஏற்ற வேண்டும், கிட்னி டாக்டர் தயங்கினார். அதனால்தான் அல்ட்ராசவுண்டிலேயே கான்ட்ராஸ்ட், அதாவது படத்தைத் துலக்கிக் காட்டும் மருந்து, போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. கிட்னியைக் காப்பாற்றத் தேடிப் பிடித்த வழி அது. அதையும் சேர்த்து நீங்கள் ஆபத்து என்று எழுத, வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ‘எழுதினவர் டாக்டர், நீங்க வெறும் டிப்ளமா’ என்றாள். 11 நாள் தள்ளிப்போனது. கட்டி என்ன கட்டியென்று தெரியாத 11 ராத்திரி எப்படிப் போகும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிப்ளமாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்வாரியத்தில் 31 வருடம், அதில் பாதி 110 கேவி துணை மின்நிலையத்தில். அவளுக்குப் போட்ட ஊசியில் இருந்தது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரில் நாங்கள் அடைக்கிற அதே எஸ்.எஃப்.6 வாயு! ஸ்கேன் டாக்டர் சொன்னபோது சிரித்தேவிட்டேன். சின்னப் புட்டியில் வெள்ளைப் பொடி. அதில் 5 மில்லி சலைன் விட்டுக் குலுக்கினார், பால் மாதிரி ஆனது. முழங்கை நரம்பில் 2.4 மில்லி போட்டார். அதில் வாயு மட்டும் அளந்தால் ஒரு சொட்டில் பாதிகூட வராது. சிவப்பணுவைவிடச் சிறிய குமிழிகள். இரத்தக் குழாயை விட்டு வெளியே கசியாது, கிட்னி வடிகட்ட வேண்டிய வேலையும் இல்லை. வாயு கால் மணி நேரத்துக்குள் மூச்சோடு போய்விடும். அயோடினும் இல்லை, சாயமும் இல்லை. திரையில் அரை நிமிடத்துக்குள் கட்டியின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் பூத்தன, பிறகு மெல்ல நடுவை நோக்கி நிரம்பின. ‘ஹீமாஞ்சியோமா, சாதாரண இரத்தக்குழாய்க் கட்டி, பயப்படாதீங்கம்மா’ என்றார் டாக்டர். அப்போதுதான் என் கையை விட்டாள்.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அதைத்தான் நீங்கள் எழுதவில்லை. பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் கடும் ஒவ்வாமை வரலாம். ஊசிக்கு முன் டாக்டர் கேட்ட கேள்வி: ‘கொலோனோஸ்கோபிக்கு, அதான் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு, பவுடர் கரைத்துக் குடித்தீர்களா, அப்போது உடம்பில் தடிப்பு வந்ததா?’ அந்தப் பவுடரில் இருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் இந்த மருந்திலும் உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி கூடாது. இந்த ஒரு கேள்வியைக் கட்டம் கட்டியிருந்தால் கோவில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். 2007 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகைக் குமிழி மருந்துகளுக்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது, அவர்கள் போடுவதிலேயே கடுமையானது அது. ஊசி போட்ட சற்று நேரத்தில் சிலர் இறந்திருந்தார்கள். அப்போதும் பேச்சு இதயத்தையும் நுரையீரலையும் பற்றித்தான், கிட்னியைப் பற்றி அல்ல. இதய டாக்டர்கள் எதிர்க்கவே யார் யாருக்குப் போடக்கூடாது என்ற தடைகளை அடுத்த வருடமே தளர்த்தினார்கள். எச்சரிக்கையை எடுக்கவில்லை. இவளையும் அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள். தங்கள் பக்கத்தில் எழுதுபவருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

நான் 1989 முதல் சந்தாதாரர். ஒரு மாதம் காபி ஈரலுக்கு நல்லது என்பீர்கள், மறுமாதம் காபியை விடுங்கள் என்பீர்கள், இரண்டையும் கடைப்பிடித்தவன். மின்கசிவு பற்றி நான் எழுதிய கடிதத்தில் ‘எர்த் இல்லாமல் போடாதீர்கள்’ என்பதில் ‘இல்லாமல்’ என்ற சொல்லை வெட்டிப் பிரசுரித்தீர்கள். தெருவில் என்னைக் கேட்டவர்களுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன். திருத்தம் கேட்டு இரண்டு கார்டு போட்டேன். பதில் வரவில்லை. பெரிய பத்திரிகை, நேரம் இருக்காதுதான். மருத்துவமனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: சம்மதப் படிவம் நாலு பக்கம், ஒரு வரி தமிழில்லை. அவளிடம் கையெழுத்து மட்டும் தமிழில் வாங்கிக்கொண்டார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு திருத்தம். அதே பக்கத்தில், அதே தடித்த எழுத்தில், அதே அளவுக் கட்டத்தில் போடுங்கள். ஃப்ரிட்ஜில் பழையதன்மேல் சரியாக ஒட்ட வேண்டும். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் எந்தச் சொல்லையும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய உதவிப் பொறியாளர்,
தஞ்சாவூர்

பி.கு.: இரண்டு மாதமாக இதழ் எதிர்வீட்டுக்குப் போகிறது. அவர்கள் படித்துவிட்டுத்தான் தருகிறார்கள்.