தவக்காலத்தில் எத்தனை அதிகாரம்?

ஆசிரியருக்கு,

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் '40 நாளில் 4 நற்செய்திகள்' போன்ற அட்டவணைகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். மொத்தம் 89 அதிகாரம். நாளுக்கு இரண்டுக்கு மேல். முடித்தவர் குழுவில் டிக் போட வேண்டும். விவிலிய அறிவு வளர இது உதவும். மனம் தாழ உதவாது. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய துறவற ஒழுங்கின்படி, தவக்காலம் முழுமைக்கும் ஒரு துறவிக்கு ஒரு நூல்தான்.

லூக்கா 18:9-14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோவிலில் தன் பக்தியைப் பட்டியலிடும் பரிசேயன் (யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவன்), தன்னைப் பாவி என்று மட்டும் சொல்லும் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்), இருவரின் செபத்தைப் பற்றி இயேசு சொன்ன உவமை அது. ஆறே வசனம், அரை மணி நேரம். முதலில் வாய்விட்டு இரண்டு முறை, நிறுத்தி நிறுத்தி. எந்தச் சொல் உறுத்துகிறதோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு அசைபோட வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் கார்த்தூசிய சபைத் துறவி இரண்டாம் குய்கோ சொன்ன நான்கு படிகள் இவைதாம்: வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் மெல்லுகிறது, மன்றாட்டு சுவையைக் கண்டெடுக்கிறது, கடைசிப் படியான ஆழ்நிலைத் தியானம் அந்த இனிப்பேதான். நான்காவதை நாமாக வரவழைக்க முடியாது. வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிடலாம்.

பழைய தமிழ் வேதாகமத்தில் பரிசேயனின் வினைகளைப் பாருங்கள்: ஸ்தோத்திரிக்கிறேன், உபவாசிக்கிறேன், செலுத்திவருகிறேன். மூன்றும் 'நான்' என்பதைக் காட்டும் '-ஏன்' விகுதியிலேயே முடிகின்றன. ஆயக்காரனின் செபத்தில் வினை ஒன்றுதான்: 'கிருபையாயிரும்'. அதைச் செய்ய வேண்டியவரும் அவனல்ல, கடவுள். பரிசேயன் 'தனக்குள்ளே' ஜெபம்பண்ணினான் என்ற சொல்லையும் தாண்டிப் போய்விடாதீர்கள். வேகமாகப் படிப்பவர் கண்ணில் இவை படுவதில்லை.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வாசிக்கும்போதே நாம் ஆயக்காரன் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். 'நல்லவேளை, நான் அந்தப் பரிசேயன் மாதிரி இல்லை' என்று நினைத்த நொடியே அவனுடைய செபத்தைச் சொல்லிவிட்டோம். ஆகவே முதல் மூன்று நாளாவது பரிசேயனின் இடத்தில் நின்றே வாசிக்க வேண்டும்: இந்த வாரம் நான் யாரைப் பார்த்து 'இவனைப்போல் இல்லை' என்று நினைத்தேன்? ஆள் பெயரோடு பதில் வர வேண்டும். பொதுவாக 'நான் பாவி' என்பது தப்பிக்கும் வழி. பிரசங்கிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: வசனம் தன்னைத் தொடும் முன்பே, ஞாயிறு மறையுரைக்குக் குறிப்பாகிவிடும். விளக்கவுரை நூல்களை அந்த அரை மணி நேரத்துக்கு மூடி வையுங்கள்.

ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கின் 7ஆம் அதிகாரத்தில் தாழ்ச்சிக்கு 12 படிகள் வைக்கிறார். பன்னிரண்டாவது படியில் துறவியின் உள்ளத்தில் ஓயாமல் ஓடுவது, இந்த ஆயக்காரன் சொன்னதுதான். அதனால் மறுநாளும் இதே ஆறு வசனத்தையே எடுக்கலாம், ஒரு வாரம் வரைகூட. குழுவில் டிக் போடுவதை மட்டும் விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி