தம்பிக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பணம் வெள்ளிக்கிழமை கணக்கில் ஏறிவிட்டது. வழக்கமாக வருவதைப்போல் மூன்று மடங்கு இருக்கிறது. மாடியில் ஒரு அறை எடுத்துவிடலாம் என்கிறாள் அம்மா. நான் அதைத் தொடவில்லை. பர்மிங்ஹாமில் குளிர் குறைந்ததா? இரவில் நேரத்தோடு படு.

மாப்பிள்ளை போன வாரம் வந்திருந்தார். நீ ஆன்லைனில் போக்கர் சீட்டாட்டத்தில் நன்றாகச் சம்பாதிக்கிறாய் என்று வாய் நிறையச் சொன்னார். "கையில் என்ன சீட்டு வந்தாலும் அவனுக்குக் கவலை இல்லை மாமா, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பான்" என்றார். பொங்கலுக்கு வந்தபோது நீயே லேப்டாப்பை வைத்து எனக்குக் காட்டியதுதானே. ஆறு பேர் மேஜையில் விவரமானவன் 100 ஆட்டத்துக்கு 20, 25இல்தான் பணம் போடுவான். 50இல் போடுகிறவன் வந்தால் அவனைக் குறித்துக்கொள்ள வேண்டும். பந்தயத்தை உயர்த்தாமல், அடுத்தவன் வைத்த அளவே வைத்து வெறும் கால் செய்துகொண்டே உள்ளே வருவான். பிளைண்டு என்கிற கட்டாயப் பந்தயத்தைப்போல் 100 மடங்கு முழுதாகக் கொண்டுவராமல் 37, 42 என்று கையில் இருப்பதை வைத்துக்கொண்டு உட்காருவான். அவனுக்கு இடதுபக்க இடத்தைப் பிடித்துவிட்டால் அவன் செய்வதைப் பார்த்துவிட்டு நீ செய்யலாம். அவனிடம் நல்ல சீட்டு இருப்பதுபோல் ப்ளஃப் பண்ணக் கூடாது, எதற்கும் கால் செய்வான். நல்ல சீட்டு வந்தால் மட்டும் பெரிதாக வைக்க வேண்டும். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கில் 100 வாங்கிய பிள்ளை பேசுவதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு அப்புறம் நீ சொன்ன ஒன்றுதான் மனதைவிட்டுப் போகவில்லை. தோற்றவன் கோபத்தில் யோசிக்காமல் உடனுக்குடன் போட ஆரம்பித்தால், பணம் தீர்ந்து மறுபடி மறுபடி கட்டினால், அந்த மேஜையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது, விடிந்தாலும் சரி என்றாய். எனக்குக் கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன் கவுன்ட்டர் கண்முன் வந்தது. இந்த வாரம் வளையல், அடுத்த வாரம் தோடு, அப்புறம் தாலிக்கொடி. எதற்கு என்று கேட்டால் முகத்தைப் பார்க்காமல் உரம் வாங்க என்பார்கள். உன் சித்தப்பாவும் அந்த வரிசையில் நின்றவர்தான். எல்லா ஆட்டத்திலும் உள்ளே இருப்பார். மனமகிழ் மன்றத்தில் அவரோடு உட்காருவதற்கு அடித்துக்கொள்வார்கள். கிணற்றுத் தோட்டம் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

அங்கே எல்லாம் சட்டப்படிதான், ஜெயித்த பணத்துக்கு வரிகூடக் கிடையாது என்பாய். சரி. இங்கே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. நீ இருக்கும் நாட்டிலும் 2020 ஏப்ரலிலிருந்து கிரெடிட் கார்டில் பணம் கட்டிச் சூதாட முடியாது. கடன் வாங்கி ஆடுகிறவனைக் காப்பாற்றத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். நீ ராத்திரியெல்லாம் தேடுவதும் அவனைத்தான் தம்பி.

கணக்கையும் பார். ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பணத்தில் 5 சதவீதம்போல கம்பெனி எடுத்துக்கொள்கிறது என்றாய். ஏமாளி எழுந்து போய்விட்டால் மிஞ்சுவது உன்னைப்போல விவரமானவர்கள்தான். அவர்களும் நீயும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்ள, கம்பெனிதான் கொழுக்கும். அதனால் நீ அடுத்த ஏமாளி வரும்வரை கண்விழித்துக் காத்துக்கிடக்க வேண்டும். எதிரே இருப்பது மனிதன்தானா என்பதற்காவது உத்தரவாதம் உண்டா? ஆறு பேர் மேஜையில் தேர்ந்த ஆட்டக்காரர்களை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் 2019இலேயே ஜெயித்துவிட்டது.

காலை எட்டரைக்கு வாட்ஸப்பைத் திறந்தால் நீ ஆன்லைனில் இருக்கிறாய். உனக்கு அப்போது ராத்திரி மூன்று மணி. ஆபீஸ் எப்படி என்று கேட்டால் "போகுதுப்பா" என்பதோடு சரி. மூன்று வாரமாக அதுவும் இல்லை. ஜெயித்த மாதத்தில் உன் சித்தப்பாவும் இப்படித்தான் வாரிக் கொடுப்பார், சித்திக்குப் பட்டுப்புடவை எடுப்பார். உனக்கு இடதுபக்கம் வந்து உட்காருகிறவன் யார், எதற்காக அங்கே வந்து உட்காருகிறான் என்று என்றைக்காவது பார்த்தாயா? ராத்திரி மூன்று மணிக்கு ஆடுகிறவனைப் பற்றி அவன் என்ன குறித்து வைத்திருப்பான்?

நீ கெட்டிக்காரன். உன்னைச் சித்தப்பாவோடு சேர்த்துப் பேசுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் தூக்கம் கெட்டால் எந்தக் கணக்கும் தப்பும். அங்கே கேம்ஸ்டாப் என்று ஒன்று இருக்கிறதாம். பெயரைப் பதிந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஐந்து வருடமோ, லைசென்ஸ் உள்ள எந்த சைட்டும் உள்ளே விடாது. ஆறு மாதம் போட்டுப் பார், எனக்காக. அனுப்பிய பணம் திரும்ப வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல், அன்றைக்கே அனுப்புகிறேன். எதற்கு என்று கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடு. அம்மா அக்கா வீட்டுக்குப் போகிறாள், நான் மட்டும்தான் இருப்பேன். அதுவரைக்குமாவது ராத்திரி நேரத்தோடு படு.

அன்புடன்,
அப்பா