ஆசிரியர் சங்க வட்டாரக் கிளைச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆசிரியர் தின விழா, பணி நிறைவுப் பாராட்டு, கோரிக்கை மனு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது.

இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது, தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம்தான். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது, இந்தக் கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்துவிட்டது. எட்டு வயதுக்குள் பிள்ளை புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கு தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கொரோனாவுக்குப் பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டவே திணறியதைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றிலும் பிள்ளையின் கற்றல் திறனைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலை. அரும்புப் பிள்ளையின் கையைப் பிடித்துத் துணைக்கால் போடச் சொல்லிக்கொடுக்கும்போதே மலர் பிள்ளை பயிற்சி நூலை முடித்துவிட்டு "டீச்சர், அடுத்து?" என்று வந்து நிற்கும். வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடக்கும்போதே இடையிடையே வைக்கும் சிறு தேர்வு, வந்தால் இன்னும் கஷ்டம். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நம் போனில் விடையைத் தொடச் சொல்ல வேண்டும், செயலி சுற்றிக்கொண்டே இருக்கும், அதுவரை மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் கிடையாது.

இதற்காகத்தான் மாதம் ஒரு சனிக்கிழமை கலந்துரையாடல் ஆரம்பித்தேன். பயிற்சிகளில் நம் சந்தேகத்தைக் கேட்க நேரம் கிடைப்பதில்லை, இங்கே கிடைக்கிறது. ஓர் ஆசிரியை, வகுப்புவாரியாக இல்லாமல் நிலைவாரியாக உட்கார வைத்து, மலர் பிள்ளையை மொட்டுப் பிள்ளைக்கு வாசித்துக்காட்டச் சொல்வதை விளக்கினார். கேட்டவர்கள் மறுவாரமே செய்து பார்த்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு வருவது அதே ஏழெட்டுப் பேர். வாட்ஸ்அப்பில் ராத்திரி வரை புலம்புகிறவர்கள் வருவதில்லை. இதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

சந்தா பாதிப் பேருக்கு மேல் பாக்கி. வரவு குறைவு, செலவு கட்டுக்குள் இருக்கிறது, மற்றதைப் பொருளாளர் வாசிப்பார். துணைக்கருவி அட்டை, நகல் செலவில் ஒரு பகுதியை நாங்களே பார்த்துக்கொண்டோம்.

கூட்டத்துக்கு இடம் தந்த தலைமையாசிரியருக்கும் நிர்வாகிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, ஈராசிரியர் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியரும் விவரங்களைச் செயலியில் ஏற்றும் பதிவேற்ற வேலைக்குத் தனி ஆளும் கேட்கப் போகிறோம். கையில் கணக்கில்லாமல் கேட்டால் எடுபடாது. அதனால் மதிப்பீட்டிலும் பதிவேற்றத்திலும் எத்தனை பாடவேளை போகிறது என்று பள்ளிவாரியாக எழுதிக் கொடுங்கள். அதுவும் வரவில்லை என்றால் இந்தப் பொறுப்பில் நான் தொடர்வதில் அர்த்தமில்லை. படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, ரசீதுப் புத்தகமும் அங்கேதான்.

செயலாளர்