ஜெசிக்கு, காலேஜ் பார்க்கிலிருந்து

அன்புள்ள ஜெசி,

நலம். நீயும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் தேவலையா? எட்டு மாதமாக எழுதாமல் இருந்ததற்கு நீ திட்ட வேண்டியதை ஊருக்கு வந்ததும் நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது அதற்கு நேரமில்லை.

சரோ வாட்ஸப் குழுவை விட்டுப் போய்விட்டாள். நீ வாரத்துக்கு ஒரு தரம் போனைத் திறக்கிற ஆள், பார்த்திருக்க மாட்டாய். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு வார்த்தை சொல்லாமல் விலகியிருக்கிறாள். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வசந்தி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அடுத்த நாள் காலையில் குற்றாலத்தில் எத்தனை அறை போடலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

காரணம் ஒரு சினிமா. சிரிக்காதே, முழுக்கப் படி.

வசந்தி கல்யாணமாகி அமெரிக்கா வந்த புதிதில் வீடியோ கேசட்டில் ஒரு படம் பார்த்துவிட்டு, "இது அப்படியே நம்ம கதைடி" என்று எல்லாருக்கும் ஏர் மெயில் போட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? 'செயின்ட் எல்மோஸ் ஃபயர்'. 1985 ஜூனில் வந்தது, ஜோயல் ஷூமாக்கர் எடுத்தது. அப்போதுதான் கல்லூரிப் படிப்பை முடித்த ஏழு நண்பர்கள், ஜார்ஜ்டவுனில் அவர்கள் கூடுகிற ஒரு மதுக்கடை. நாமும் ஏழு பேர். அந்த ஒரு பொருத்தத்தை நாற்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். குற்றாலத்தில் கூடுவதற்குள் எல்லாரும் அதைப் பார்த்துவிட வேண்டும், முதல் நாள் அந்தப் படத்துப் பாட்டைத்தான் போட வேண்டும் என்று உத்தரவு. போதாததற்கு யார் யாருக்கு எந்த வேஷம் என்று ஒரு பட்டியல். தான் லெஸ்லியாம், எல்லாரும் காதலிக்கிற பெண். நான் வென்டி, ஊருக்கு உபகாரம் செய்கிற பணக்காரப் பெண். நீ கெவின். வாஷிங்டன் போஸ்டில் இரங்கல் குறிப்பு எழுதிக்கொண்டு, சிகரெட்டும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருப்பவன். (உன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.) சரோவின் பெயருக்கு நேராக, "நம்ம ஜூல்ஸ்! ரூம் நம்பர் 14!" என்று எழுதி நாலு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள்.

ஜூல்ஸ் யார் என்று நீ படம் பார்த்தால்தான் தெரியும். பார்க்க வேண்டாம், நான் சொல்கிறேன். இந்தப் பட்டியல் வந்த பிறகு ஒரே வாரத்தில் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இரண்டாவது தடவை திவ்யாவோடு. இவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற மேரிலாந்து பல்கலைக்கழகத்தில்தான் அந்தப் படத்தின் கல்லூரிக் காட்சிகளை எடுத்திருக்கிறார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், ஜேசு சபைக்காரர்கள் நடத்துவது, தங்கள் வளாகத்துக்குள் விட மாட்டோம் என்று சொல்லிவிட்டதாம். தினமும் சாயங்காலம் அந்தப் புல்வெளியைச் சுற்றித்தான் நடக்கிறேன். நல்ல இடம். அதன் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை.

படத்தின் மேல் இருக்கிறது. ஜெசி, அந்த ஏழு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஒருத்தர்கூட இன்னொருத்தரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பதில்லை. பில்லி என்று ஒருவன், ராப் லோ நடித்தது. பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருக்கிறது. குடிக்கிறான், சாக்ஸபோன் வாசிக்கிறான், நண்பன் வாங்கிக்கொடுக்கிற வேலையையெல்லாம் தொலைக்கிறான், வென்டியிடம் கடன் வாங்குகிறான். அலெக் கல்லூரியில் ஜனநாயகக் கட்சி, சம்பளம் கூட என்றதும் குடியரசுக் கட்சி செனட்டரிடம் போய்விட்டான். லெஸ்லியை ஏமாற்றிக்கொண்டே, கல்யாணம் பண்ணிக்கொண்டால் தன் புத்தி சரியாகிவிடும் என்று அவளை நச்சரிக்கிறான். படம் இவர்களைப் பார்த்து முகம் சுளிக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. இவர்களால் அடிபடுகிறவர்களை ஒரு நிமிடமாவது நின்று பார்க்கலாம் இல்லையா? பில்லியின் மனைவியின் முகம் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. இரண்டு தடவை பார்த்தும்!

கிர்பி விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. கல்லூரி நாளில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்ததாம். இப்போது அவள் மருத்துவமனையில் டாக்டர். அவள் போகிற இடமெல்லாம் போகிறான், மழையில் சைக்கிளில் துரத்துகிறான், வேலை பார்க்கிற வீட்டில் முதலாளி இல்லாத நேரம் விருந்து வைத்து அவளுக்காகக் காத்திருக்கிறான், கடைசியில் பனியில் அவள் தங்கியிருக்கிற குடிலுக்கே காரை ஓட்டிக்கொண்டு போகிறான். போலீஸைக் கூப்பிட வேண்டிய இடத்தில் அவனை உள்ளே அழைத்துத் தங்க வைக்கிறார்கள். காலையில் அவளை இழுத்து முத்தம் கொடுத்துவிட்டு, ஜெயித்த மாதிரி கத்திக்கொண்டு போகிறான். இதற்குப் பின்னணியில் உற்சாகமான இசை. பாளையங்கோட்டையில் அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் பாத்திமாவின் பின்னாலேயே வந்து வந்து, அவள் டைப்ரைட்டிங் வகுப்பையே நிறுத்தினாளே. ஹையர் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்தப் பாத்திமாவுக்கு வசந்தி கொடுத்திருக்கிற வேஷம் கிர்பி. பாத்திமா அதற்கும் ஒரு கைகூப்புப் பொம்மை போட்டு நகர்ந்துவிட்டாள்.

நியாயமாகச் சொன்னால் எனக்குப் பிடித்த ஓர் இடமும் உண்டு. கடைசிப் பக்கம் வென்டி அப்பா வீட்டை விட்டுத் தனியாக ஒரு வீடு எடுக்கிறாள். நடுராத்திரி பசித்து எழுந்து, தன் சமையலறையில், தன் பிரிட்ஜைத் திறந்து, ரொட்டியில் கடலை வெண்ணெயும் ஜாமும் தடவித் தின்றதை ஒருவனிடம் சொல்கிறாள். வாழ்க்கையில் அப்படி ருசித்ததே இல்லை என்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாகர்கோவிலில் அந்த ஒற்றை அறையில் முதல் முதலாக நானே ரசம் வைத்த ராத்திரி ஞாபகம் வந்தது. ஆனால் அவள் அதைச் சொல்வது யாரிடம்? பில்லியிடம். சொல்லி முடித்த கையோடு தன்னையே அவனுக்கு வழியனுப்புப் பரிசாகக் கொடுக்கிறாள். அந்த ரொட்டியை அவளிடமே விட்டிருக்கக் கூடாதா?

இப்போது ஜூல்ஸ். டெமி மூர். சுவரெல்லாம் ரோஸ் நிறம் அடித்த வீடு, அதில் ஒரு ராக் பாடகனின் முகம் சுவர் உயரத்துக்கு, காதில் நியான் வளையத்தோடு. சம்பளத்தை முன்கூட்டியே வாங்கிச் செலவழிக்கிறாள், கொக்கைன், மேலதிகாரியோடு உறவு, நோயில் கிடக்கிற சிற்றன்னை. நண்பர்களுக்கு எல்லாமே அரைகுறையாகத் தெரியும். வேலை போகிறது, சாமான்களைக் கடன்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். காலி வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு, குளிரில் ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, மூலையில் சுருண்டு கிடக்கிறாள். திரைச்சீலை காற்றில் பறக்கிறது. அப்போதுதான் எல்லாரும் ஓடி வருகிறார்கள். பில்லி உள்ளே போய் ஒரு பிரசங்கம் செய்கிறான். லைட்டரைக் கொளுத்தி, அதன் மேல் ஸ்ப்ரே அடித்து, குப்பென்று ஒரு தீயைக் காட்டி, "மாலுமிகள் எல்மோவின் நெருப்பை நம்பிப் பயணம் போனார்கள், ஆனால் அப்படி ஒரு நெருப்பும் கிடையாது, எல்மோ என்று ஒரு புனிதரும் கிடையாது, தாங்குவதற்கு ஏதாவது வேண்டுமே என்று அவர்களே கட்டிய கதை, நீயும் அப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறாய்" என்கிறான். அவ்வளவுதான். அவள் தேறிவிடுகிறாள். படத்தின் பெயரே அந்தப் பிரசங்கத்தில்தான் நிற்கிறது.

அது பொய், ஜெசி! உனக்கும் எனக்கும் தெரியும். உன் அப்பா பார்த்திருக்கிறார்.

85 ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழாவுக்கு நாங்கள் உன் வீட்டுக்கு வந்திருந்தோம். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அப்பா சொன்னாரே. தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும்போது, இடி முழங்கிக்கொண்டு மழை மட்டும் இன்னும் இறங்காத நேரம், பாய்மரத்து உச்சியில் ஒரு சாண் உயரத்துக்கு நீலமாக நின்றதாம். கேஸ் அடுப்பைச் சின்னதாக வைத்த மாதிரி. புஸ்ஸென்று மெல்லிய சீறல். மரம் கருகவில்லை. தோணியில் இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நீங்க என்ன செஞ்சீங்க மாமா?" என்று சரோதான் கேட்டாள். "என்ன செய்ய, பாயை இறக்கச் சொன்னேன். மின்னல் தலைக்கு மேல நிக்கில்லா" என்றார். தோணியை நடத்துகிற தண்டல் பேசுகிற பேச்சு அது.

இங்கே உட்கார்ந்து தேடிப் படித்தேன். இடிமேகத்துக்குக் கீழே மின்புலம் ஏறும்போது கூர்முனைகளில் காற்று அயனியாகி நீல ஊதா நிறத்தில் ஒளிர்கிறது. பாய்மரம், கோபுர உச்சி, விமானத்தின் இறக்கை எல்லாவற்றிலும் வரும். மகெல்லனோடு 1519-இல் கிளம்பிய பிகாஃபெட்டா, புயலில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு ஆறுதலாக அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் உச்சியில் நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார். எல்மோ என்பது உங்கள் புனித எராஸ்மஸ், இத்தாலியில் ஃபார்மியாவின் ஆயர், கப்பல்காரர்களின் பாதுகாவலர். நெருப்பும் உண்டு, பெயர் கொடுத்தவரும் உண்டு. படம் எடுத்தவர்கள் ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டியிருந்தால் போதும்.

வசந்தி போட வேண்டும் என்கிற அந்தப் பாட்டும் அந்த ஏழு பேரைப் பற்றியது இல்லை. கனடாவில் ரிக் ஹான்சன் என்பவர், பதினைந்து வயதில் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டவர், 1985 மார்ச்சில் சக்கர நாற்காலியில் உலகம் சுற்றக் கிளம்பினார். 34 நாடுகள், 40,000 கிலோமீட்டருக்கு மேல், 87 மே மாதம் வீடு திரும்பினார். டேவிட் ஃபோஸ்டரும் ஜான் பாரும் அவரை மனதில் வைத்து எழுதிய பாட்டு அது. அந்த செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. இரண்டு வருடம் கையால் சக்கரத்தைத் தள்ளிய மனிதருக்கான பாட்டை எடுத்து பில்லிக்கு மாட்டிவிட்டார்கள். பாட்டைக் குற்றாலத்தில் தாராளமாகப் போடலாம். ஹான்சனுக்காக என்று சொல்லிவிட்டுப் போடட்டும்.

நடித்த பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வருடமே ஒரு பத்திரிகை அவர்களுக்கு 'பிராட் பேக்', அடங்காத பிள்ளைகள் கூட்டம், என்று பட்டப்பெயர் வைத்து, அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. கெவினாக நடித்த ஆண்ட்ரூ மெக்கார்த்தி 2024-இல் அதைப் பற்றியே ஓர் ஆவணப்படம் எடுத்தார், பழைய ஆட்களைத் தேடித் தேடிப் போய். அவர் கெவின் இல்லை, உன்னைப் போல் கொஞ்சம் இருக்கிறார்.

பதினாலாம் நம்பருக்கு வருகிறேன். வசந்திக்கு அது ஒரு வேடிக்கையான ஞாபகம். அவள் அந்த இரண்டு நாளும் மதுரையில் அக்கா வீட்டில் இருந்தாள். சரோவின் அப்பா போன தந்தி வந்து, ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பி, கதவைச் சாத்தியவள் சாத்தியதுதான். வார்டன் தட்டினார், நான் தட்டினேன், கோமு அழுதாள். நீ மட்டும் பாயைக் கொண்டுவந்து வராந்தாவில் போட்டு உட்கார்ந்தாய். "நீ இங்கே இருக்கேன்னு அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தும்மினேன், கேட்டிருக்கும்" என்றாய். இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தாழ்ப்பாள் சத்தம். தலை விரிந்து கிடக்க வந்து நின்று, "தண்ணி வந்துட்டா?" என்றாள். "வந்துட்டு. உன் வாளியிலயும் பிடிச்சு வச்சிருக்கேன்" என்றாய். அவ்வளவுதான் நீங்கள் பேசியது. நான் பக்கத்தில் நின்றேன். நேற்று ராத்திரி படுத்தபடி அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் வாளியை நினைத்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியில் சரோ கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் உள்பட.

வசந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். கெட்ட எண்ணத்தில் எழுதியவள் இல்லை, ஆனால் சும்மா விடப்போவதும் இல்லை. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். சரோ கோவில்பட்டியில் தனியாக இருக்கிறாள், மகன் பெங்களூர் போய்விட்டான். மார்ச் மாதம் போனில் பேசும்போதே பேச்சு நடுநடுவே நின்று போனது. நான் அதைக் கேட்டும் மறுபடி கூப்பிடவில்லை. தூத்துக்குடியிலிருந்து உனக்கு ஒன்றரை மணி நேரம். முழங்கால் விட்டால் இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறு. போன் செய்துவிட்டுப் போகாதே, வேண்டாம் என்பாள். படத்தைப் பற்றிப் பேச வேண்டாம், என்னைப் பற்றியும் வேண்டாம். மக்ரூன் வாங்கிக்கொள், அந்தப் பழைய கடையிலேயே, முந்திரி போட்டது. இராத்திரி தங்கும்படி மாற்றுச் சேலை எடுத்துப் போ.

போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பு. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் முழித்திருப்பேன்.

உன்,
மீனா